ஜம்ப் ஃபோர்ஸை விமர்சகர்கள் ஏன் அப்படிக் கிழித்தார்கள்?

சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கும் ஒரு அப்பா கேட்ட கேள்வி இது. உயர்நிலை 2-இல் படிக்கும் அவருடைய மகன், பழைய பொருள் விற்கும் கரோசல் தளத்தில் ‘ஜம்ப் ஃபோர்ஸ்’ என்ற சண்டைக் கேமின் பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) டிஸ்க் ஒன்று மலிவாகக் கிடைப்பதைப் பார்த்துவிட்டு நச்சரிக்கிறானாம். டிராகன் பாலின் கோக்கு, ஒன் பீஸின் லுஃபி, நருட்டோ மூன்று பேரும் ஒரே கேமில் இருந்தால் அது எப்படி மோசமாக இருக்கும் என்பது பையனின் வாதம். அப்பா தேடிப் பார்த்தால் விமர்சனம் எழுதியவர்கள் எல்லாம் திட்டியிருக்கிறார்கள். விளையாடியவர்களில் பலர் ‘நல்லாத்தான் இருக்கு’ என்கிறார்கள். யாரை நம்புவது, விமர்சகர்கள் அநியாயமாக அடித்துவிட்டார்களா, இப்போது வாங்கலாமா என்று கேட்டிருந்தார்.

அண்ணே, இரண்டு தரப்புமே உள்ளதைத்தான் சொல்கிறது. சோஃபாவில் பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து அரைமணி நேரம் அடித்துக்கொள்ள இது ஜாலியான கேம்தான். ஆனால் விமர்சகர்கள் அரைமணி நேரத்தோடு எழுந்து போகவில்லை. கதையை முடிக்க வேண்டும், எல்லாக் கேரக்டரையும் தொட்டுப் பார்க்க வேண்டும், ஆன்லைனில் மோத வேண்டும். அப்படி உட்கார்ந்தவர்களுக்குத்தான் பொறுமை போனது. எந்த இடத்தில் போனது என்று பார்த்தால் உங்கள் பையனுக்கும் ஒரு தெளிவு கிடைக்கும்.

முதலில், எதிர்பார்ப்பு எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தான் ஏமாற்றம் எவ்வளவு என்று புரியும். ஜப்பானில் ஷுயெய்ஷா நிறுவனம் 1968-இல் தொடங்கிய மாங்கா (ஜப்பானியக் காமிக்ஸ்) வார இதழ் ‘ஷோனென் ஜம்ப்’. 1990-களின் நடுவில், உச்சத்தில் இருந்தபோது, ஒரே வாரத்தில் 65 லட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சடித்தார்கள். டிராகன் பால், ஒன் பீஸ், நருட்டோ, ப்ளீச், யூ யூ ஹகுஷோ, ஹன்டர் ஹன்டர், டெத் நோட் எல்லாம் அந்த இதழில் வந்தவை. அதன் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி வந்த கேம்தான் ஜம்ப் ஃபோர்ஸ். வெளியிட்டது பண்டாய் நாம்கோ, உருவாக்கியது ஸ்பைக் சுன்சாஃப்ட். 2018 ஜூனில் இ3 கண்காட்சியின்போது, மைக்ரோசாஃப்ட் மேடையில் அறிவித்தார்கள். இடிந்து கிடக்கும் நியூயார்க் டைம்ஸ் ஸ்குவேரில் கோக்குவும் நருட்டோவும் லுஃபியும் டிராகன் பால் வில்லன் ஃப்ரீசாவை எதிர்த்து நிற்பார்கள். டிரெய்லர் முடியும் நேரத்தில் டெத் நோட்டின் லைட் யாகாமியும் ரியூக்கும் வேறு தலைகாட்டுவார்கள். அனிமே என்ற ஜப்பானியக் கார்ட்டூன் பார்த்து வளர்ந்த யாருக்கும் அந்த டிரெய்லரைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

ஜப்பானில் 2019 பிப்ரவரி 14-ஆம் தேதி வந்தது, மற்ற நாடுகளில் மறுநாள். அந்த 15-ஆம் தேதிதான் மெட்ரோ எக்சோடஸ், ஃபார் கிரை நியூ டான், கிராக்டவுன் 3 ஆகிய கேம்கள் எல்லாமே வந்தன. அந்த வருடம் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 5-ஆம் தேதி. இங்கே அங்பாவ் (புத்தாண்டுக்கு உறையில் வைத்துக் கொடுக்கும்) காசு கையில் சூடாக இருந்த நேரம் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அப்புறம் மதிப்பெண்கள் வந்தன. விமர்சனங்களைச் சேர்த்துச் சராசரி போடும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் பிஎஸ்4 பதிப்பு நூற்றுக்கு ஐம்பதுகளின் நடுப்பகுதியில் நின்றுவிட்டது. ஐம்பத்துச் சொச்சம் என்றால் பள்ளிக்கூடக் கணக்கில் பாஸ் மாதிரித் தெரியும். கேம் விமர்சனத்தில் அப்படி இல்லை. அந்தத் தளத்தில் 75-க்கு மேல் பச்சை, 50 முதல் 74 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. பெரிய நிறுவனம் காசு போட்டு எடுத்த கேம்கள் வழக்கமாக எழுபதுக்கு மேல்தான் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தக் கூட்டத்தில் ஐம்பத்துச் சொச்சம் என்பது சிவப்பின் வாசற்படியில் நிற்பது. ஒரு வருடம் முன்னால், அதே பண்டாய் நாம்கோ வெளியிட்ட டிராகன் பால் ஃபைட்டர்ஸ்ஸி எண்பதுகளின் பிற்பகுதியில் இருந்தது. விமர்சகர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் ஆச்சரியம் இல்லை.

எல்லாரும் முதலில் பேசியது தோற்றத்தைப் பற்றி. அன்ரியல் எஞ்சின் 4 என்ற கேம் செய்யும் மென்பொருளை வைத்து எல்லாக் கேரக்டருக்கும் ‘நிஜ மனிதர்’ தோற்றம் கொடுக்கப் பார்த்தார்கள். தோலில் துவாரம் தெரியும், வியர்வை மினுங்கும், துணியில் நூலிழை தெரியும். கண் மட்டும் மாங்காக் கண்ணாகவே இருக்கும். ஃபிஸ்ட் ஆஃப் தி நார்த் ஸ்டாரின் கென்ஷிரோவுக்கு இது பொருந்திப் போனது. அவருடைய மாங்காவே தசையும் நிழலுமாகக் கோடு கோடாக வரைந்ததுதான். லுஃபியை எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் உடம்பு, வட்ட முகம், காது வரை நீளும் சிரிப்பு. நாலே கோட்டில் வரைந்துவிடலாம். அந்த முகத்தில் நிஜத் தோலை ஒட்டினால் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி ஆகிவிடுகிறது. யூ-கி-ஓ தொடரின் யூகிக்கு இருக்கும் மூன்று வண்ண முடி இன்னும் மோசம். தாளில் அது ஒரு வடிவம், அவ்வளவுதான். இங்கே அதற்கு எடையும் பளபளப்பும் வந்து தலையில் எதையோ கவிழ்த்து வைத்தது போல இருக்கிறது.

ஆனால் ‘நிஜத் தோற்றம் கொடுத்ததுதான் தப்பு’ என்று பலர் அதோடு நிறுத்திக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. வேறு பாணியில் வரைவது குற்றமா என்ன? எல்லாரையும் ஒரே பாணிக்குள் அமுக்கியதுதான் குற்றம். ஒன் பீஸ் வரைந்த ஓடாவின் கை வேறு, டிராகன் பால் வரைந்த தோரியாமாவின் கை வேறு, ஜோஜோ வரைந்த அராகியின் கை வேறு. இந்தக் கைகள் ஒரே பக்கத்தில் மோதிக்கொள்வதைப் பார்க்கத்தான் பல தொடர்களின் ஆட்களைச் சேர்க்கும் கிராஸ்ஓவர் கேமையே ஒருவர் வாங்குகிறார். மீனுக்கும் ஆட்டுக்கறிக்கும் கத்தரிக்காய்க்கும் ஒரே மசாலாவை ஒரே அளவில் போட்டு இறக்கினால் மூன்று குழம்பு வைத்ததற்கு அர்த்தமே இல்லை. ஜம்ப் ஃபோர்ஸில் நடந்தது அதுதான். தோற்றத்தோடும் அது நிற்கவில்லை, சண்டைக்குள்ளும் போனது.

சண்டை எப்படி என்றால், கேமரா உங்கள் கேரக்டரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும், களம் முப்பரிமாணம், நாலு பக்கமும் ஓடலாம். அரீனா ஃபைட்டர் என்று சொல்லும் வகை. மூவர் கொண்ட அணி, ஒரு நேரத்தில் ஒருவர் களத்தில். லேசான அடி, கனமான அடி, பிடித்து எறிவது, தடுப்பது, விரட்டிப் பாய்வது. அதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் மூன்று சிறப்புத் தாக்குதல், ஒரு பெரிய தாக்குதல். சக்தி அளவைக் காட்டும் கேஜை ஏற்றிவிட்டு ஒரு பொத்தானைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை அழுத்தினால் காமேஹாமேஹா, அதே பொத்தான்களில் ராசெங்கன், அதே பொத்தான்களில் கெட்சுகா டென்ஷோ. புதிதாக வருபவருக்கு இது பெரிய வசதி, ஒருவரைப் பழகினால் எல்லாரையும் ஆடலாம். அதிலேயே சலிப்பும் இருக்கிறது. நாலைந்து கேரக்டர் மாற்றி ஆடியதும் கைக்கு வித்தியாசமே தெரியாது. சிட்டி ஹன்டரின் ரியோ சாயேபா துப்பாக்கிக்காரர், யூகி சீட்டு விளையாட்டுக்காரர், ஜோஜோவின் டியோ நேரத்தையே நிறுத்துபவர். இப்படி ஆளுக்கு ஆள் மாறுபட்டவர்களைக் கையில் கொடுத்தால் ஒவ்வொருவரும் கட்டைவிரலுக்கு வேறு வேலை வைக்க வேண்டும். இங்கே வெடிப்பின் நிறம்தான் மாறுகிறது.

இன்னொன்று, பல விமர்சனங்களில் ஒரு வரியில் கடந்துபோன விஷயம். எனக்கு அதுதான் பெரிய குறை. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே உயிர்க்கோடு. மூவர் அணி ஃபைட்டர் என்றால் அதன் பரபரப்பு எங்கே இருக்கிறது? அடிபட்டவரை உள்ளே இழுத்து ஆறப் போடுவது, ஒருவர் விழுந்தபின் மீதி இருவரை வைத்துக் கரையேறுவது, கடைசி ஆளை யாராக வைப்பது என்று முன்கூட்டியே கணக்குப் போடுவது. உயிரைப் பொதுவாக்கியதும் இந்தக் கணக்கெல்லாம் போய்விடுகிறது. டிராகன் பாலின் வெஜிட்டாவை வெளியே எடுத்து ஒன் பீஸின் ஸோரோவை உள்ளே அனுப்பினாலும் ஸோரோ வெஜிட்டாவின் காயத்தோடுதான் வருகிறார். ஆள் மாற்றுவது காம்போவை (விடாமல் விழும் அடித்தொடரை) நீட்டவும் தப்பிக்கவும் உதவும், அதில் கொஞ்சம் நுட்பம் உண்டு. அணி என்ற உணர்வு மட்டும் வரவே இல்லை.

இனி கதைப் பகுதி. விமர்சகர்களுக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம் இது. நம் உலகமும் மாங்கா உலகங்களும் கலந்துவிட்டன, தீயவர்கள் அம்ப்ரா க்யூப் என்ற பொருளை வைத்து மக்களை வெறியர்களாக மாற்றுகிறார்கள், நீங்கள் உருவாக்கிய ஆள் ஒரு படையில் சேர்ந்து அதைத் தடுக்க வேண்டும். கதை சாதாரணமாக இருந்தால் பரவாயில்லை, ஃபைட்டிங் கேமில் கதைக்காக யாரும் உயிரை விடுவதில்லை. அதைச் சொன்ன விதம்தான். ஒரு மிஷன் எப்படிப் போகும் என்று பாருங்கள். அம்ப்ராஸ் பேஸ் என்ற பெரிய கூடத்தில் நிற்கிறீர்கள். ஓடிப் போய் ஒருவரிடம் பேசுகிறீர்கள். லோடிங். இரண்டு பேர் எதிரெதிரே நின்று கையை ஒருமுறை ஆட்டிப் பேசுகிறார்கள், உதடு சொல்லோடு சேரவில்லை, பல இடங்களில் குரலே இல்லை. லோடிங். சண்டை, ஒன்றிரண்டு நிமிடம். லோடிங். மறுபடி அதே ஆட்கள் நின்று ‘இது எப்படி நடந்தது’ என்று யோசிக்கிறார்கள். லோடிங். திரும்பவும் கூடம். ஆடிய நேரத்தை விடக் காத்திருந்த நேரம்தான் அதிகமோ என்று தோன்ற ஆரம்பித்துவிடும். வந்த புதிதில் இதைப் பற்றிப் புகார் குவிந்ததும் நிறுவனமே லோடிங் நேரத்தைக் குறைக்க அப்டேட் கொடுத்தது. முதல் வாரத்தில் எழுதியவர்களிடம் அந்த அப்டேட் இல்லை, அவர்கள் பார்த்தது பழைய வடிவத்தை. விமர்சகர்கள் பக்கமிருந்து சிறு அநியாயம் என்று ஏதாவது சொல்லலாம் என்றால் இதைச் சொல்லலாம். ஆனால் நிற்கும் பொம்மைகள் பேசும் அந்தக் காட்சிகளை எந்த அப்டேட்டும் சரிசெய்யவில்லை.

இந்தக் கேமுக்கென்றே அகிரா தோரியாமா புதிதாகச் சில கேரக்டர்கள் வரைந்து கொடுத்தார். படையின் தலைவர் குளோவர், உதவிக்கு ஒரு நேவிகேட்டர், எதிரணியில் கேன், கலீனா. டிராகன் பாலைப் படைத்தவரிடம் புது ஆட்களை வாங்கி, அவர்களை விளக்கம் சொல்ல மட்டும் நிற்க வைத்ததை நினைத்தால் வயிறு எரிகிறது.

லைட் யாகாமி விஷயமும் அப்படித்தான். டிரெய்லரில் காட்டி ஆசை காட்டினார்கள். கதைக்குள் வருவார், உங்களால் ஆட முடியாது. நோட்டில் பெயர் எழுதிக் கொல்பவரைக் குத்துச்சண்டைக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பது நியாயமான கேள்விதான். அதற்கு விடை கண்டுபிடித்த ஆட்கள் முன்பே இருந்தார்கள் என்பதுதான் என் வருத்தம்.

அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஜம்ப் ஃபோர்ஸ் திடீரென்று முளைத்ததில்லை, அதற்கு முன்னோடிகள் உண்டு. ஜம்ப் கேரக்டர்களைச் சேர்த்துக் கேம் போடுவது 1980-களின் கடைசியில், இதழின் இருபதாம் ஆண்டையொட்டி வந்த ஃபாமிகாம் ஜம்பிலேயே தொடங்கிவிட்டது. உச்சம் என்றால் நின்டென்டோ டிஎஸ் என்ற கையடக்கக் கருவியில் வந்த இரண்டு கேம்கள்: 2005-இல் ஜம்ப் சூப்பர் ஸ்டார்ஸ், 2006-இல் ஜம்ப் அல்டிமேட் ஸ்டார்ஸ். கான்பாரியன் நிறுவனம் செய்தது. ஜப்பானுக்கு வெளியே அதிகாரபூர்வமாக வரவே இல்லை. ஆனாலும் டிஎஸ்ஸுக்கு வட்டாரப் பூட்டு கிடையாது என்பதால் ஜப்பானியக் கார்ட்ரிட்ஜை வாங்கிப் போட்டால் எந்த டிஎஸ்ஸிலும் ஓடும். எழுத்து புரியாமலே ஆடியவர்கள் இந்தத் தீவில் நிறையப் பேர்.

அதில் அணி சேர்க்கும் முறையைப் பாருங்கள். கீழ்த்திரையில் நாலுக்கு ஐந்து கட்டம், ஒரு வெற்று மாங்காப் பக்கம். நீங்கள் சேகரித்த மாங்காப் பேனல்களை அந்தக் கட்டத்தில் அடுக்க வேண்டும். ஒரே கட்டம் பிடிக்கும் சின்னப் பேனல் என்றால் அந்தக் கேரக்டர் பின்னாலிருந்து சின்ன உதவி செய்வார். இரண்டு மூன்று கட்டம் பிடித்தால் ஒரு கணம் களத்துக்குள் வந்து அடித்துவிட்டுப் போவார். நாலும் அதற்கு மேலும் என்றால் முழு ஆளாக நீங்களே ஆடலாம். பேனல் பெரிதானால் ஆள் பலமாவார், ஆனால் பக்கத்தில் இடம் போய்விடும். பெரிய கோக்கு ஒருவருக்காக நாலு துணை ஆட்களை விட வேண்டுமா என்று பக்கத்தை நிரப்பிக்கொண்டே யோசிக்கலாம். சண்டை போட முடியாத கேரக்டர்களுக்கும் இதில் இடம் கிடைத்துவிடுகிறது, ஒரு சின்னப் பேனலாக ஒட்டிக்கொண்டால் போதும். சண்டைக் களமும் கறுப்பு வெள்ளை மாங்காப் பக்கம் போலத்தான், சட்டகங்களை உடைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போகலாம். இதழைப் புரட்டும் அனுபவத்தையே விளையாட்டாக மாற்றியிருந்தார்கள். கையடக்கக் கருவியில், 2006-இல்! பதின்மூன்று வருடம் கழித்து, அதை விடப் பல மடங்கு பலமான கன்சோலில் வந்தது நியூயார்க் தெருவில் நிற்கும் பிளாஸ்டிக் லுஃபி.

இடையில் 2014-இல் ஜே-ஸ்டார்ஸ் விக்டரி விஎஸ் வந்தது. செய்தது அதே ஸ்பைக் சுன்சாஃப்ட்தான். அதற்கும் பெரிய பாராட்டு கிடைக்கவில்லை. ஆனால் அதில் கிண்டலுக்கு இடம் இருந்தது. டாக்டர் ஸ்லம்ப்பின் அராலே இருந்தாள், கிந்தாமாவின் கிந்தோக்கி இருந்தார், கொச்சிகாமேவின் போலீஸ்காரர் ரியோட்சு இருந்தார். ஷோனென் ஜம்ப் என்றாலே சண்டை என்று நினைப்பவர்களுக்கு, அந்த இதழில் பாதி சிரிப்பு என்பது மறந்துபோகும். ஜம்ப் ஃபோர்ஸின் பட்டியலில் அந்த மூவருமே இல்லை. நிஜத் தோலும் இடிந்த நகரமும் என்று முடிவு செய்தபின் அராலேயை எங்கே நிற்க வைப்பது? தோற்றம் பற்றி எடுத்த ஒரு முடிவு யாரை அழைக்கலாம் என்பதையும் முடிவு செய்துவிட்டது என்றே நினைக்கிறேன். சுமார் 40 பேரில் டிராகன் பாலும் ஒன் பீஸும் நருட்டோவும் பெரும்பங்கை எடுத்துக்கொண்டன, ப்ளீச்சுக்கும் ஹன்டர் ஹன்டருக்கும் நாலு நாலு பேர், மற்றத் தொடர்களுக்கு ஒருவர் இருவர். பெண்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். இதையும் அப்போதே பலர் எழுதினார்கள்.

சரி, ஃபைட்டர்ஸ்ஸியோடு ஒப்பிட்டது நியாயமா? ஒரு வகையில் இல்லை. அது ஒரே தொடர், ஒரே ஓவியரின் கை. பக்கவாட்டில் நின்று ஆடும் வகை. ஜம்ப் ஃபோர்ஸின் வேலை அதை விடக் கடினம். ஆனால் எஞ்சின் இரண்டுக்கும் அதே அன்ரியல் 4 என்பதை மறக்கக்கூடாது. ஃபைட்டர்ஸ்ஸியைச் செய்த ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸ் முப்பரிமாண உருவங்களைத்தான் பயன்படுத்தியது, ஆனால் பார்த்தால் கையால் வரைந்தது போல இருக்கும். அசைவுகளுக்கு நடுவே வரும் படச் சட்டகங்களை (ஃப்ரேம்களை) வேண்டுமென்றே எடுத்துவிட்டு அனிமே போல வெட்டி வெட்டி ஓட விட்டார்கள். நிழல் எங்கே விழ வேண்டும் என்பதைக் கணினியிடம் விடாமல் ஆட்கள் உட்கார்ந்து திருத்தினார்கள். அழிந்துகொண்டிருக்கும் நமெக் கிரகக் களத்தில் கோக்குவும் ஃப்ரீசாவும் மோதி, சரியான அடியில் முடித்தால், தொடரில் வந்த அந்த முடிவுக்காட்சி அப்படியே ஓடும். பார்த்தவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். எஞ்சினை வைத்து என்ன செய்வது என்று யோசித்தவர்களுக்கும், எஞ்சின் கொடுத்ததை அப்படியே எடுத்துக்கொண்டவர்களுக்கும் உள்ள தூரம் இது.

இன்னொரு அளவுகோலும் உண்டு, அது விமர்சகர்களின் பேனாவைச் சாராதது. ஃபைட்டிங் கேம்களின் மிகப் பெரிய போட்டி எவோ. 2013-இல் அங்கே ஸ்ட்ரீட் ஃபைட்டர் பட்டத்தைத் தட்டி வந்தவர் நம்மூர் ஹோ குன் சியான், யாரும் அதிகம் தொடாத ஜென் என்ற கேரக்டரை வைத்து. இங்கே ஃபைட்டிங் கேம் ஆடுபவர்கள் அந்த இறுதிச் சுற்றை இன்னும் பேசுவார்கள். ஒரு கிழட்டுக் கேரக்டரை ஒருவர் வருடக்கணக்கில் தோண்டினால் அதிலிருந்து புதிதாக ஏதோ வந்துகொண்டே இருக்கிறது. நல்ல ஃபைட்டரின் லட்சணம் அது. 2019 எவோவில் ஒன்பது முக்கிய ஆட்டங்கள். ஃபைட்டர்ஸ்ஸி இருந்தது, ஜம்ப் ஃபோர்ஸ் இல்லை. எல்லாக் கேமும் எவோவுக்குப் போக வேண்டும் என்று சட்டம் இல்லை, அரீனா ஃபைட்டர்கள் பொதுவாக அங்கே போவதும் இல்லை. ஆனால் தோண்டுவதற்கு ஜம்ப் ஃபோர்ஸில் ஆழம் குறைவு என்பதை ஆடுபவர்களும் சீக்கிரமே தெரிந்துகொண்டார்கள்.

விமர்சகர்கள் போதுமான அளவு சொல்லாத நல்லதும் உண்டு. சண்டை நடக்கும்போது திரை பிரமாதமாக இருக்கும். நிற்கும்போது பொம்மையாகத் தெரிந்தவர்கள், அடி விழுந்து சட்டை கிழிந்து முகத்தில் புழுதி படியும்போது உயிர் பெற்றுவிடுகிறார்கள். நிஜத் தோற்றம் என்ற முடிவு வேலை செய்வது அந்த இடத்தில் மட்டும்தான், ஆனால் அங்கே நன்றாகவே வேலை செய்கிறது. ஹாங்காங் தெருவிலோ கோல்டன் கேட் பாலத்திலோ பெரிய தாக்குதல் வெடிக்கும்போது ‘ஆஹா’ என்று வாய் திறக்கும். சொந்தமாக ஆள் செய்யும் பகுதியும் நன்று. ஒருவரின் முடி, இன்னொருவரின் உடை, மூன்றாமவரின் தாக்குதல் என்று கலந்து கட்டலாம். பிள்ளைகள் அதிலேயே நேரம் போக்குவார்கள். அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு ஆடும் நேரடி ஆட்டம். கதையும் லோடிங்கும் குறுக்கே வராத அந்த இடத்தில்தான் ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். விமர்சகர்கள் தனியாக உட்கார்ந்து ஆடினார்கள். இவர்கள் தம்பியோடும் நண்பனோடும் ஆடினார்கள். அதனால்தான் மதிப்பெண் இவ்வளவு மாறுகிறது.

கேம் உடனே செத்துவிடவும் இல்லை. காய்பா, ஆல் மைட், பாகுகோ, மதாரா, மெருயெம், ஜோர்னோ என்று இரண்டு தவணையாகப் புதுக் கேரக்டர்கள் வந்தார்கள். 2020 ஆகஸ்டில் நின்டென்டோ சுவிட்ச்சுக்கும் ஒரு பதிப்பு வந்தது. பிறகு 2022 பிப்ரவரியில் டிஜிட்டல் விற்பனையை நிறுத்தினார்கள். கேமும் கிடைக்காது, கூடுதல் கேரக்டர்களும் கிடைக்காது. அதே வருடம் ஆகஸ்ட் 24-ஆம் தேதியோடு ஆன்லைன் கூடமும் ரேங்க் ஆட்டங்களும் மூடப்பட்டன. இத்தனை தொடர்களின் உரிமத்தை ஒன்றாகப் புதுப்பிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை என்று பலரும் ஊகித்தார்கள். வந்து மூன்றே வருடத்தில் கடையிலிருந்து காணாமல் போன ஐம்பதாம் ஆண்டு நினைவுக் கேம்!

இப்போது உங்கள் பையனின் டிஸ்க். மலிவாகக் கிடைத்தால், வீட்டில் இரண்டாவது கன்ட்ரோலரும் அதைப் பிடிக்க ஆளும் இருந்தால், வாங்கிக் கொடுங்கள். விடுமுறையில் ஒரு வாரம் சத்தமாகப் போகும். ஆனால் வாங்கும் முன் அவனிடம் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். டிஸ்கில் இருக்கும் ஆட்கள் மட்டும்தான் கிடைப்பார்கள்; ஆல் மைட்டும் பாகுகோவும் வேண்டும் என்றால் பிஎஸ்4-இல் இனி வாங்க வழியில்லை. பழைய டிஸ்கோடு ‘கேரக்டர் பாஸ் கோடும் (கூடுதல் கேரக்டர்களைத் திறக்கும் எண்) தருகிறேன்’ என்று யாராவது கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள், அந்தக் கோடு பெரும்பாலும் எப்போதோ பயன்படுத்தியதாகத்தான் இருக்கும். இரண்டாவது, ரேங்க் ஏறி உலகத்தோடு மோதலாம் என்ற கனவு இருந்தால் அதை இங்கே வைக்க வேண்டாம்.

பிஎஸ்5 இருந்தால் பிஎஸ்4 டிஸ்க் அதிலும் ஓடும், டிஸ்க் போடும் இடம் இருக்கும் மாடலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சுவிட்ச் பதிப்பு மலிவாக வந்தால் தவிர்த்துவிடலாம். இந்தக் கேமில் மெச்சத்தக்கதே திரையின் பளபளப்புதான், அங்கே அதுவும் மங்கிப் போயிருக்கிறது.

தனியாகத்தான் ஆடுவான் என்றால் அந்தக் காசை வேறு இடத்தில் போடுங்கள். நருட்டோ பிடிக்கும் என்றால் அல்டிமேட் நிஞ்சா ஸ்டார்ம் 4. அதுவும் அரீனா ஃபைட்டர்தான், ஆனால் கதைச் சண்டைகளை எப்படிக் காட்ட வேண்டும் என்று தெரிந்தவர்கள் செய்தது. டிராகன் பால் என்றால் ஃபைட்டர்ஸ்ஸி இன்றும் தள்ளுபடியில் வரும். கொஞ்சம் செலவு செய்யலாம் என்றால் 2024-இல் வந்த ஸ்பார்க்கிங் ஸீரோ இருக்கிறது, ஆட்களின் எண்ணிக்கையில் பையனுக்கு மனம் நிறைந்துவிடும். மூன்று பேரும் ஒரே கேமில்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், பழைய டிஎஸ் ஒன்று வீட்டு அலமாரியில் கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள் அண்ணே. ஜம்ப் அல்டிமேட் ஸ்டார்ஸ் கார்ட்ரிட்ஜ் இன்னும் விற்பனைக்கு வருகிறது. ஜப்பானிய எழுத்துதான், ஆனால் பேனல் அடுக்க எழுத்து தேவையில்லை. போலிக் கார்ட்ரிட்ஜ்கள் நிறையச் சுற்றுகின்றன, நேரில் சந்தித்து, டிஎஸ்ஸில் போட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.